744-ஆம் சாலையின் மறுமுனை

மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்தில் ஒரு தேசிய நெடுஞ்சாலை பிரிகிறது. எண் 744. டி.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி என்று தென்மேற்காக ஓடி, செங்கோட்டைக்கு அப்பால் மலையேறி இறங்கி, 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போய்க் கொல்லம் நகரத்துச் சின்னக்கடையில் முடிகிறது. இந்தச் சாலையில் காய்கறி மேற்கே போகும், மீன் கிழக்கே வரும். இரவில் எதிரெதிரே கடக்கும் இந்த லாரிகள்தான் இரண்டு ஊர்களின் அடுப்பையும் மூட்டுகின்றன.

மதுரையில் கடல் கிடையாது. ஆனால் மீன் இல்லாமல் மதுரைக்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதும் கிடையாது. கரிமேட்டுப் பக்கம் விடிகாலையில் போய் நின்றால் ராமேஸ்வரத்து நண்டு, தூத்துக்குடிச் சீலா, கேரளக் கரையின் மத்தி, பக்கத்துக் கண்மாயின் கெண்டை என எல்லாவற்றின் பேரும் விலையும் ஒரே மூச்சில் காதில் விழும். "அண்ணே, ஐஸ் மீன் இல்லண்ணே, செவுளத் தூக்கிப் பாருங்க" என்ற உத்தரவாதமும் கூடவே வரும். வாங்குகிறவர் செவுளின் சிவப்பைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், விரலால் அமுக்கிப் பார்ப்பார். மீன் எப்போது செத்தது என்பதுதான் அவருடைய கேள்வி. அது எப்படிப் பிடிபட்டது, அதன் இனத்தில் கடலுக்குள் இன்னும் எவ்வளவு மிச்சம் என்ற கேள்விகளுக்கு அந்தச் சந்தையில் இடமில்லை.

கரிமேட்டில் அதிகம் கிடைக்காத சரக்கு ஒன்று உண்டு: சிப்பி இறைச்சி. மதுரைக்காரருக்குச் சிப்பி என்றால் சுண்ணாம்புதான். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு, திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வழவழவென்று நிற்கும் சுண்ணாம்புப் பூச்சு. ஓடு ஊருக்குள் வந்துவிட்டது, உள்ளே இருந்த சதை கடற்கரையிலேயே நின்றுவிட்டது. சாலையின் மறுமுனையில் கதை தலைகீழ். அங்கே சதைக்காக ஓர் ஏரியே பரீட்சை எழுதியது. கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் எடுக்கப்படும் குட்டைக் கழுத்துச் சிப்பிக்கு 2014 நவம்பரில் மரைன் ஸ்டீவர்ட்ஷிப் கவுன்சில் என்ற பன்னாட்டு அமைப்பின் நிலைத்த மீன்பிடிப்புச் சான்றிதழ் கிடைத்தது. இந்தியாவில் எந்த மீன்பிடித் தொழிலுக்கும் அதற்கு முன் அந்தச் சான்று கிடைத்ததில்லை.

சுறாவுக்கோ சூரைக்கோ இறாலுக்கோ போகாமல், ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு சின்ன உயிருக்கு முதல் மரியாதை போனது ஏன்? அதைத் தேடிப் போவதற்கு 744 நல்ல சாலை.

திருமங்கலம் தாண்டியதும் கரிசல் விரிகிறது. மழை வாய்த்த ஆண்டானால் சாலையின் இரு பக்கமும் கண்மாய்கள் கலங்கிய நீரோடு கரை முட்டி நிற்கும். பொய்த்த ஆண்டில் அதே இடத்தில் சீமைக் கருவேலம் நிற்கும். கண்மாய் நீர் வயலுக்கு, அதில் வளரும் மீன் ஊருக்கு. பல கண்மாய்களில் மீன்பாசி ஏலம் விட்டு, குத்தகை எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்த்துப் பிடிப்பார். வேறு சில ஊர்களில் யாரும் தொடாமல் மீனை வளரவிட்டு, கோடையில் நீர் வற்றியதும் ஒரு நாள் குறித்து ஊரே இறங்கும். மதுரைக்கு வடகிழக்கே மேலூர், சிங்கம்புணரி வட்டாரங்களில் இதற்கு மீன்பிடித் திருவிழா என்று பெயர்.

அந்த நாளில் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஊத்தா, கச்சா, கூடை, வலை என்று கையில் கிடைத்ததோடு ஆயிரக்கணக்கானோர் விடியும் முன்பே கரையில் வந்து நிற்பார்கள். நீருக்குள் விராலும் கெளுத்தியும் கெண்டையும் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் ஒருவரும் இறங்கமாட்டார். சாமி கும்பிட்டு முடித்து ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டியதும்தான் அத்தனை கால்களும் ஒன்றாகச் சேற்றில் பாயும். பிடித்த மீனை விற்பது வழக்கமில்லை, வீட்டுக் குழம்புக்குத்தான். சாதி, ஊர் வித்தியாசம் பாராமல் எல்லோரும் இறங்கினால் அடுத்த ஆண்டு மழை பொய்க்காது என்பது நம்பிக்கை.

எப்போது பிடிப்பது, எதைக் கொண்டு பிடிப்பது, யார் சொல்லைக் கேட்பது: துண்டு வீசும் அந்தப் பெரியவரின் கையில் மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சான்றிதழ் அமைப்பு கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கண்மாய் வற்றிவிடும், விட்டுவைத்தாலும் மீன் பிழைக்காது, ஆகவே கடைசி மீன் வரை பிடிப்பதில் குற்றமில்லை. காயல் வற்றாது. அங்கே இன்று பிடிக்காமல் விட்டதுதான் நாளைய பிடிப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமும் ராஜபாளையத்து நூற்பாலைகளும் பின்னே போக, வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. செங்கோட்டைக்குப் பிறகு சாலை சட்டென்று குணம் மாறுகிறது. புளியரைச் சோதனைச் சாவடியில் மேற்கே போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்க, வளைவுகள் தொடங்குகின்றன. ஆரியங்காவுக் கணவாயில் காற்றில் ஈரம் ஏறுகிறது. கழுதுருட்டிக்கு அருகே கல்லால் எழுப்பிய 13 கண் ரயில் பாலம் சாலையை ஒட்டியே நிற்கிறது. 1904-இல் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கிய இந்தத் தடம் அகலப் பாதையாகி 2018-இல் மறுபடி முழுமையாகத் திறந்தது. நின்று படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலா வேன் குறைவு.

தென்மலையில் சாலைக்கு ஒரு துணை கிடைக்கிறது: கல்லடையாறு. அணையில் தேங்கி, கால்வாய்களுக்குப் பங்கு கொடுத்தது போக மிச்சத்தோடு அது புனலூருக்கு இறங்குகிறது. புனலூரில் 1877-இல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கட்டிய தொங்கு பாலம் இன்றும் ஆற்றின் மேல் நிற்கிறது, இப்போது நடந்து போகிறவர்களுக்கு மட்டும். பாலத்தின் நடுவில் நின்று கீழே ஓடும் நீரைப் பார்க்கலாம். சிப்பியின் கதைக்கு அது முக்கியமான நீர். அஷ்டமுடிக் காயலுக்கு நன்னீர் கொண்டு போகும் பெரிய ஆறு இதுதான். எவ்வளவு நீர், எந்த மாதத்தில், எவ்வளவு மணலோடும் அழுக்கோடும் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் காயலின் உப்புச் சமநிலை அமையும். மேலே அணை, வழியில் மணல் அள்ளிய பள்ளங்கள், கரையெல்லாம் ஊர்கள். ஆற்றின் வாயிலில் மன்றோ துருத்து என்ற தீவுக்கூட்டம், திருவிதாங்கூரில் ரெசிடென்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரைத் தாங்கி, வெள்ளப்பெருக்கு நாட்களில் முற்றம் வரை நீர் ஏறிக் கிடக்கிறது.

கொட்டாரக்கரை, குண்டறை, கொல்லம். முந்திரி ஆலைகளின் ஊர். நகரத்தின் வடக்கு விளிம்பு முழுக்கக் காயல்தான். எட்டுக் கிளைகளாகப் பிரிந்து நிலத்துக்குள் நீளும் இந்தக் கழிமுகம் சுமார் 61 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்டது. கேரளத்தின் இரண்டாவது பெரிய காயல். 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. நீண்டகரையில் கடலுக்கு ஒரே ஒரு வாய். அந்த வாயை ஒட்டிய உப்பு நீர்ப் பகுதியில், மணல் தரையில் சில அங்குல ஆழத்தில் சிப்பி வாழ்கிறது. மஞ்சள் நிறப் பாதம் நீட்டி மணலைத் துளைத்துப் புதைந்துகொண்டு, இரண்டு குழாய்களை மட்டும் மேலே நீட்டி நீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் நுண்பாசியைத் தின்று, நீரை வடித்து வெளியே விடும். தீனி போட வேண்டாம், மருந்து தெளிக்க வேண்டாம். ஓராண்டுக்குள் விற்பனை அளவுக்கு வளர்ந்துவிடும்.

எடுப்பதும் எளிய வேலைதான், உடம்பு மட்டும் ஒத்துழைக்க வேண்டும். விடிவதற்கு முன் சிறு தோணிகளில் கிளம்புகிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிக் காலால் துழாவிக் கையால் அள்ளுகிறவர்கள் உண்டு, முங்கி எடுக்கிறவர்கள் உண்டு. நீண்ட கம்பின் நுனியில் இரும்புப் பற்களும் வலைப்பையும் பொருத்திய வாரியால் தரையைக் கிளறி இழுப்பவர்களும் உண்டு. சூரியன் ஏறும்போது தளவாபுரம் போன்ற கரைகளில் தோணிகள் ஒதுங்கும். பிறகு அண்டாக்களில் வேகவைத்துச் சலிப்பார்கள். ஓடு ஒரு குவியல், சதை ஒரு குவியல். சதை பதப்படுத்தும் ஆலைக்குப் போகும், ஓடு சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் போகும். எடுப்பது, கழுவுவது, அவிப்பது, விற்பது என்று சுமார் 3,000 பேர் இதை நம்பி வாழ்ந்தார்கள்.

1980-கள் வரை இது உள்ளூர்ச் சாப்பாட்டுச் சரக்குதான். பிறகு வியட்நாம், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளிலிருந்து கேட்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணம் வந்ததும் தோணிகள் கூடின. 1991-இல் ஆண்டுப் பிடிப்பு 10,000 டன்னைத் தொட்டது. இரண்டே ஆண்டில் பாதியாக விழுந்தது. குஞ்சும் தாயும் பார்க்காமல் அள்ளியதன் கணக்கு அது.

இந்த இடத்தில்தான் அஷ்டமுடி மற்ற ஊர்களிலிருந்து விலகி நடந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஆலோசனை சொல்ல, மாவட்ட நிர்வாகம் ஆணை பிறப்பிக்க, சிப்பி எடுப்பவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றே விதிகள். சிப்பி இனம் பெருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை யாரும் காயலில் இறங்கக் கூடாது. வலைப்பையின் கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, குஞ்சுச் சிப்பி வழுகித் தரைக்கே திரும்பிவிடும். ஏற்றுமதிக்கு எடுக்கும் அவித்த சதையில் கிலோவுக்கு 1,400 எண்ணத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றாவது விதி கெட்டிக்காரத்தனமானது. காயல் முழுக்கக் காவல் போட முடியாது, ஆனால் ஆலை வாசலில் ஒரு தராசு போதும். பொடிச் சதைக்கு ஏற்றுமதி வழி அடைபட்டால் பொடிச் சிப்பியை எடுக்கவும் ஆசை வராது. பிடிப்பு மீண்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் 10,000 டன் அளவிலேயே நிலைத்தது.

சான்றிதழ் வந்தது இதற்கெல்லாம் 20 ஆண்டுகள் கழித்து. மரைன் ஸ்டீவர்ட்ஷிப் கவுன்சில் என்ற அமைப்பே 1997-இல்தான் பிறந்தது. அதற்கு ஒரு பேரிழப்பு காரணம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் நூற்றாண்டுகளாகக் கொட்டிக் கிடந்த காட் மீன் 1992-இல் காலியாகி, அரசு மீன்பிடிப்பையே தடை செய்தது. 30,000-க்கும் மேற்பட்டோர் ஒரே அடியில் வேலை இழந்தார்கள். உறைந்த மீனை உலகமெங்கும் விற்றுக்கொண்டிருந்த யூனிலீவர் நிறுவனமும் உலக வனவிலங்கு நிதியமும் சேர்ந்து, கடலை மொட்டையடிக்காமல் பிடித்த மீனுக்கு ஒரு முத்திரை தருவது என்று முடிவு செய்தன. நீல நிறத்தில் மீன் வரைந்த அந்த முத்திரையைப் பார்த்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பலர் பொட்டலம் எடுக்கிறார்கள்.

சான்றிதழைக் கவுன்சில் தானே வழங்குவதில்லை. விதிகளை எழுதுவது அதன் வேலை, சோதிப்பது தனியான சான்றளிப்பு நிறுவனங்களின் வேலை. மூன்று தலைப்புகளில் இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள். இனம் போதுமான அளவு இருக்கிறதா? பிடிக்கும் முறையால் மற்ற உயிர்களுக்கும் தரைக்கும் கேடு உண்டா? கட்டுப்படுத்தும் நிர்வாகம் காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, கரையிலும் இருக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் நூற்றுக்கு மதிப்பெண். எந்த ஒன்றிலும் 60-க்குக் கீழே போனால் தோல்வி. 60-க்கும் 80-க்கும் நடுவில் நின்றால் இத்தனை ஆண்டுக்குள் திருத்து என்ற நிபந்தனையோடு தேர்ச்சி. தலைப்புவாரிச் சராசரி 80-க்குக் குறையக் கூடாது. கிடைத்த சான்று 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும், நடுவில் ஆண்டுதோறும் கண்காணிப்பு உண்டு.

கையால் அள்ளும் சிப்பிக்கு இந்தத் தேர்வில் இயல்பாகவே சில சாதகங்கள். வலையில் ஆமை சிக்காது. வேண்டாத மீன் சாகாது. எஞ்சின் புகை இல்லை. எங்கே எவ்வளவு இருக்கிறது என்று தரையைத் தோண்டி எண்ணிவிடலாம், கூட்டமாக ஓடும் மத்தியை அப்படி எண்ண முடியாது. உலகெங்கும் இதே கதைதான். விசிறி போன்ற ஓடு கொண்ட ஸ்காலப் சிப்பியை எடுத்துக்கொண்டால், அர்ஜென்டினாவின் படகோனியா ஸ்காலப் 2006-இலேயே இந்த முத்திரையைப் பெற்றது. வியட்நாமின் பென் ட்ரே மாகாணத்துச் சிப்பிக்கு 2009-இல் கிடைத்தது. ஜப்பானின் ஹொக்கைடோ ஸ்காலப்புக்கு 2013-இல் வந்தது. ஹொக்கைடோவின் முறை ஏறக்குறைய விவசாயம். கடலில் மிதக்கும் இளங்குஞ்சைப் பைகளில் சேகரித்து, வளர்த்து, கடல் தரையில் விதைக்கிறார்கள். தரையைப் பாத்திகளாகப் பிரித்து, ஆண்டுக்கொரு பாத்தி என்று சுழற்சியில் அறுவடை செய்கிறார்கள். முழுக்கப் பண்ணையில் வளர்ப்பதற்கென்று 2010-இல் அக்வாகல்ச்சர் ஸ்டீவர்ட்ஷிப் கவுன்சில் என்ற இன்னொரு அமைப்பும் வந்துவிட்டது.

அஷ்டமுடியில் தேர்வுக்கான தயாரிப்புக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளையும் துணை நின்றன. ஆய்வுத் தரவு பல ஆண்டுகளாக ஏற்கெனவே கையில் இருந்தது. இல்லாதது எழுதப்பட்ட நிர்வாகம். மாவட்ட ஆட்சியர் தலைமையில், சிப்பி எடுப்பவர்கள், ஏற்றுமதியாளர்கள், மீன்துறை, விஞ்ஞானிகள் எல்லோரும் உட்காரும் சிப்பி மீன்பிடி நிர்வாகக் குழு ஒன்று அமைந்தது. மேலூர்ப் பக்கம் ஒரு வெள்ளைத் துண்டு செய்யும் வேலைக்கு இங்கே கூட்டக் குறிப்புப் புத்தகம் தேவைப்பட்டது. அது ஒன்றும் குறையில்லை. கண்மாயின் மீன் அந்த ஊர்ச் சட்டிக்குப் போகிறது, துண்டு வீசியவரை எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் மைலுக்கு அப்பால் தின்கிறவருக்கு எழுத்துதான் சாட்சி.

பாண்டிய நாட்டுக்கு இந்த ஏற்பாடு புதிதும் இல்லை. கொற்கை, தூத்துக்குடி முத்துக் குளிப்பு மதுரை நாயக்கர் ஆட்சியில் பங்கு பிரித்து நடந்த தொழில். பிரிட்டிஷ் காலத்தில் அதற்கு ஒரு கண்டிப்பான முறை வந்தது. பார் என்று அழைக்கப்படும் கடல் திட்டுகளில் ஆட்களை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வயதையும் எண்ணிக்கையையும் உள்ளே கிடக்கும் முத்தின் மதிப்பையும் பார்ப்பார்கள். தேறினால்தான் அந்த ஆண்டு குளிப்பு, தேறாவிட்டால் கடலுக்கு ஓய்வு. பல ஆண்டுகள் தொடர்ந்து ஓய்வாகவே போனதுண்டு. மன்னார் வளைகுடாவின் கடைசி முத்துக் குளிப்பு 1961-இல் நடந்தது. அத்தனை சோதனை இருந்தும் பார்கள் மறுபடி நிறையவில்லை.

அஷ்டமுடியின் பிற்பாதிக் கதையும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 10,000 டன் கொடுத்த காயலின் ஆண்டுப் பிடிப்பு இப்போது 1,000 டன்னுக்கும் கீழே போய்விட்டது. விதியை மீறியதாலா? அப்படிச் சொல்லிவிட முடியாது. விஞ்ஞானிகள் சுட்டும் காரணங்களில் பலவும் சிப்பி எடுப்பவரின் கைக்கு வெளியே இருக்கின்றன. நகரத்தின் சாக்கடை, மீன் ஆலைகளின் கழிவு, படகுகளின் எண்ணெய், கயிறு திரிப்பதற்காகத் தேங்காய் மட்டையை ஊறப்போட்ட நீர் என்று பல வழிகளில் காயல் கெடுகிறது. வேம்பநாடு, அஷ்டமுடி ஆகிய இரண்டு காயல்களையும் காக்கத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2023-இல் கேரள அரசுக்கு 10 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பருவமழையின் கணக்குத் தப்பி நன்னீர் ஒரேயடியாகப் புகும்போது உப்பு குறைந்து சிப்பி சாகிறது.

போதாக்குறைக்கு ஒரு வெளியூர் விருந்தாளி. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த சாரு என்ற கருஞ்சிப்பி, கப்பல்களின் அடியில் ஒட்டியோ அவற்றின் நிலைநீரில் மிதந்தோ வந்து சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. உள்ளூர்க்காரர்கள் அதை வரத்தன் கக்கா, அதாவது வந்தேறிச் சிப்பி, என்கிறார்கள். கயிறு, கம்பம், தோணி, தரை என்று எதையும் விடாமல் கொத்துக் கொத்தாகப் பற்றிப் பரவி, பூர்விகச் சிப்பியின் இடத்தையும் தீனியையும் எடுத்துக்கொள்கிறது. அதற்கு டிசம்பர் தடை தெரியாது.

சான்றிதழின் எல்லை இங்கே தெரிந்துவிடுகிறது. அது சிப்பி எடுப்பவரின் நடத்தையை அளக்கும், காயலின் உடல்நிலையையும் அளக்கும். ஆனால் நடத்தையைத் திருத்தச் சொல்லி அது கை நீட்டக்கூடிய ஆள் சிப்பி எடுப்பவர் மட்டும்தான். அணைக் கதவைத் திறக்கும் பொறியாளரோ, சாக்கடையைக் காயலுக்குத் திருப்பிய நகராட்சிகளோ, தூர தேசத்துக் கப்பலோ எந்தத் தேர்வும் எழுதுவதில்லை. மூன்று மாதம் பட்டினி கிடந்து விதியைக் காத்தவருடைய மதிப்பெண்ணை அவர்கள் குறைக்கலாம், அவர் ஒன்றும் செய்ய முடியாது.

முத்திரையால் வரும் லாபமும் நேராகக் கரைக்கு வந்து சேர்வதில்லை. தோணியிலிருந்து அவிக்கும் அடுப்பு, தரகர், ஆலை, ஏற்றுமதியாளர், வெளிநாட்டு மொத்த வியாபாரி என்று கை மாறும் வழியில், முத்திரையோடு விற்கும் ஒவ்வொருவரும் சரக்கு கலப்படமாகவில்லை என்று தனியாக ஒரு தொடர்சான்று வைத்திருக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டால் பொட்டலத்தில் நீல மீன் கிடையாது. சரி, எல்லாம் பொருந்தி வந்தாலும் சந்தை கைவிடலாம். ஹொக்கைடோ ஸ்காலப் அதற்குச் சாட்சி. ஃபுகுஷிமா அணு உலையின் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியதும், 2023 ஆகஸ்டில் சீனா ஜப்பானியக் கடலுணவை மொத்தமாகத் தடை செய்தது. ஸ்காலப்பின் மிகப் பெரிய வாடிக்கையாளர் ஒரே நாளில் கதவைச் சாத்தினார். சான்றிதழ் சட்டத்துக்குள் பத்திரமாக இருந்தது, சரக்கு குளிர்பதனக் கிடங்கில் தேங்கியது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்படியானால் இது வெற்றுக் காகிதமா என்று கேட்கத் தோன்றும். கொல்லத்திலிருந்து கொஞ்ச தூரம் வடக்கே, நீண்டகரைப் பாலத்துக்குப் போய்விட்டு வந்தால் பதில் ஓரளவு கிடைக்கும். 1950-களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு உதவியோடு இந்தியாவின் எந்திரப் படகு மீன்பிடிப்புக்கு அடித்தளம் போட்ட கரை இது. இழுவைப் படகுகள் பெருகி, நாட்டுப் படகுக்காரர்களின் வலை காலியாகி, உண்ணாவிரதமும் மறியலும் நடந்து, 1988-இல் மழைக்கால இழுவைத் தடை வந்தது. இப்போது 52 நாள். ஜூன் 9 நள்ளிரவில் பாலத்தின் தூண்களுக்கு நடுவே இரும்புச் சங்கிலி கட்டி முகத்துவாரத்தை அடைக்கிறார்கள். ஜூலை 31 நள்ளிரவில் அவிழ்க்கிறார்கள், நூற்றுக்கணக்கான படகுகள் விளக்கோடு கடலுக்குப் பாய்கின்றன. அந்தச் சங்கிலியைக் கட்டியது எந்த வெளிநாட்டு முத்திரையும் இல்லை, உள்ளூர்க்காரர்களின் சண்டை. சிப்பித் தடையும் அப்படித்தான் 1993-இன் வீழ்ச்சியிலிருந்து பிறந்தது. விதி முன்னே வந்தது, முத்திரை அதைப் பின்தொடர்ந்து வந்தது. விதியே இல்லாத இடத்தில் முத்திரையை முதலில் ஒட்டப் பார்த்தால் நிற்காது.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. பாக் நீரிணையின் நீலக்கால் நண்டு அமெரிக்கச் சந்தைக்கு டின்னில் போகிறது. அங்குள்ள இறக்குமதியாளர்களின் நெருக்குதலால் நண்டுப் பதப்படுத்துவோர் சேர்ந்து மீன்பிடி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். முட்டை நண்டை விட்டுவிடுவது, பொடி நண்டை வாங்காமல் இருப்பது என்று அஷ்டமுடியின் பாடங்களே அங்கும். கிழக்குக் கரையின் 61 நாள் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, எந்திரப் படகுகளுக்குத்தான். நண்டு வலை போடும் நாட்டுப் படகுகளை அது தொடுவதில்லை. அவர்களும் உட்கார்ந்து பேசும் ஒரு குழு அஷ்டமுடியில் கிடைத்ததுபோல் அங்கே கிடைக்குமா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

காயலில் இப்போது நடப்பது வேறொரு முயற்சி. விழிஞ்ஞத்தில் உள்ள ஆராய்ச்சி நிறுவனத்தின் பொரிப்பகத்தில் சிப்பியைச் செயற்கையாக இனம்பெருக்கி, 30 லட்சம் குஞ்சுகளைக் கொண்டு வந்து அஷ்டமுடியின் தரையில் விதைத்திருக்கிறார்கள். மாநில அரசின் திட்டப் பணம். இது வேர்பிடித்தால் காயலும் ஹொக்கைடோவைப் போல விதைத்து அறுக்கும் கடலாக மாறத் தொடங்கும். அப்போது கேள்விகளும் மாறும். விதைத்த குஞ்சு யாருடையது, அது வளரும் வரை அந்தத் திட்டில் இறங்காமல் இருப்பவருக்கு அந்த மாதங்களில் சோறு யார் போடுவது, வரத்தன் கக்காவை யார் செலவில் அகற்றுவது?

கொல்லத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் கள்ளுக் கடைகளிலும் கக்கா இறைச்சி சகஜமாகக் கிடைக்கும். தேங்காய்ப் பல்லும் குறுமிளகும் கறிவேப்பிலையும் போட்டுச் சுண்ட வறுத்து, மரவள்ளிக் கிழங்கோடு வைப்பார்கள். ஏற்றுமதி முத்திரை இந்தத் தட்டுக்கு வராது, கேட்பாரும் இல்லை. ஆனால் மதுரையிலிருந்து வருகிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பழகியவர்தானே, அவருக்கும் இங்கே பார்க்க ஒன்று உண்டு. கிலோவுக்கு 1,400 என்றால் அவித்த சதை ஒவ்வொன்றும் முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு, சுண்டுவிரல் நகத்தளவு. தட்டில் கிடப்பது அதைவிடப் பொடியாக, பருப்புப் போல இருந்தால், "சேட்டா, இது எந்தக் காயல், எந்த மாசம் எடுத்தது?" என்று கடைக்காரரிடம் கேட்கலாம்.